முகமூடி வீரருக்குச் சம்மனை எங்கே ஒட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நகரில் சங்கிலிப் பறிப்பு பெருகிவிட்டதைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் கடிதம் எழுதியிருந்த வாசகர் ஒருவர், புகார் கொடுக்க நடந்து நடந்து கால் தேய்ந்துவிட்டதாகவும், படங்களில் வருவதுபோல முகமூடி அணிந்த சூப்பர் ஹீரோ ஒருவர் நிஜமாகவே நம் ஊரில் குடியேறினால்தான் திருடர்களுக்குப் பயம் வரும் என்றும் எழுதி முடித்திருந்தார். பாதி வேடிக்கையாகத்தான் எழுதியிருப்பார். ஆனால் முப்பத்தொரு ஆண்டுகள் குற்றவியல் நீதிமன்றங்களில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், நான் அந்த வேடிக்கையை மெய்யென்றே வைத்துக்கொண்டு, அப்படி ஒருவர் வந்தால் என் பழைய மேசைக்கு என்னென்ன தாள்கள் வந்து சேரும் என்று இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். அவர் வானத்தில் பறப்பதோ, பேருந்தை ஒற்றைக் கையால் தூக்குவதோ சட்டத்துக்குப் பெரிய இடைஞ்சல் அல்ல. அவருடைய முகமூடிதான் இடைஞ்சல்.

சாட்சிக் கூண்டில் ஒருவர் ஏறும்போது என்ன நடக்கிறது என்பதை, நீதிமன்றத்துக்குள் வந்திராத நல்லூழ் படைத்தவர்களுக்காகச் சொல்கிறேன். டபேதார் வராந்தாவில் நின்று பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவார். சாட்சி உள்ளே வந்ததும் பெயர், தகப்பனார் பெயர், வயது, தொழில், ஊர் ஆகியவற்றைக் கேட்டு எழுதி, உறுதிமொழி வாங்கிய பிறகுதான் அரசு வழக்கறிஞர் தம் முதல் கேள்விக்கு வாய் திறப்பார். முகமூடி வீரர் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுவார். மதுரையையே எரிக்கும் ஆற்றல் படைத்த கண்ணகிகூட, பாண்டியன் அவையில் நீ யார் என்று கேட்டபோது, தன் ஊர் இன்னது, தன் கணவன் இன்னான், தன் பெயர் கண்ணகி என்று சொல்லிவிட்டுத்தான் சிலம்பை உடைத்தாள். விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கோயிலில் தம் குறையைத் தாளில் எழுதிப் பிராது கட்டுகிறவரும் பெயரையும் ஊரையும் எழுதித்தான் கட்டுகிறார்.

பெயரில்லாத உதவி எப்படி முடியும் என்பதற்கு, நான் என் கையால் எழுதிய வழக்கு ஒன்று உண்டு. ஒரு பேருந்து நிறுத்தத்தில் வயதான அம்மா ஒருவரின் கழுத்திலிருந்து சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியவனை இளைஞர்கள் சிலர் துரத்திப் பிடித்து, நன்றாக அடித்து, மின்கம்பத்தில் நைலான் கயிற்றால் கட்டிவைத்திருக்கிறார்கள். காவலர்கள் வந்து சேர்ந்தபோது கம்பத்தில் அவன் இருந்தான், காலடியில் கைக்குட்டையில் சுருட்டிய சங்கிலி இருந்தது, கட்டியவர்கள் ஒருவரும் இல்லை. கொக்கி உடைந்து மஞ்சள் நூல் சுற்றியிருந்த அந்தச் சங்கிலியைத் தன்னுடையது என்று அந்த அம்மா சரியாக அடையாளம் காட்டினார். ஆனால் பின்னாலிருந்து பறித்தவனின் முகத்தை அவர் பார்க்கவில்லை. பறித்ததைப் பார்த்தவர் யார், துரத்தியவர் யார், சங்கிலியை அவனிடமிருந்து எடுத்தவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் குறிப்பேட்டில் பதில் இல்லை. அவன் உடம்பில் காயங்கள் எப்படி வந்தன என்று மட்டும் மருத்துவரின் சான்றிதழ் ஒரு பக்கத்துக்குக் கேள்வி எழுப்பியது. குற்றம் சாட்டப்பட்டவன் விடுதலை. சங்கிலியைத் திரும்ப வாங்கிக் கையெழுத்துப் போட்ட அந்த அம்மா வராந்தாவில் என்னிடம், "சங்கிலியக் குடுத்திட்டீங்க, எடுத்தவன் எனக்கு முன்னாடி பஸ் ஏறிட்டானே சார்" என்றார். சிலந்தி வலையில் திருடனைச் சுற்றித் தெருவிளக்கில் தொங்கவிட்டுப் பறந்துவிடும் வீரரின் வழக்குகள் எல்லாமே எனக்கு அந்த அம்மாவின் வழக்காகத்தான் தெரிகின்றன.

சட்டம் வீரருக்கு எதிரானது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 304ஆம் பிரிவு சங்கிலிப் பறிப்பைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. அது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றம். அத்தகைய குற்றத்தைத் தம் கண்ணெதிரே ஒருவன் செய்தால் அவனைப் பிடித்துவைக்கச் சாதாரண குடிமகனுக்கும் அதிகாரம் உண்டு என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு சொல்கிறது. பழைய நடைமுறைச் சட்டத்தில் 43ஆம் பிரிவாக இருந்தது இதுவே. அன்று 'தேவையற்ற தாமதமின்றி' என்று மட்டும் இருந்ததோடு, இன்று ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கெடுவும் சேர்ந்திருக்கிறது. கவனிக்க வேண்டிய சொல் 'ஒப்படைத்தல்'. கட்டித் தொங்கவிட்டு அகல்வது ஒப்படைப்பு ஆகாது. ஒப்படைக்கிறவர் யார் என்று நிலைய நாட்குறிப்பில் எழுதியாக வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டால், பிடித்தவர்மீதே முறையற்ற அடைப்பு என்று நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவில் வழக்குத் தொடுக்கத் திருடனின் வழக்கறிஞருக்கு வாய்ப்புக் கிடைக்கும்.

அடிப்பதற்கும் இடம் உண்டு. தன் உடலை மட்டுமல்ல, முன்பின் தெரியாத மற்றவரின் உடலைக் காக்கவும் தற்காப்பு உரிமை உண்டு என்று பழைய தண்டனைச் சட்டத்தில் 1860-இலேயே எழுதிவைத்துவிட்டார்கள். புதிய தண்டனைச் சட்டத்தில் அது 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. ஆனால் காவலரை அழைக்க நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை, தேவைக்கு மேல் ஓர் அடியும் கூடாது என்று 37ஆம் பிரிவு எல்லை போடுகிறது. ஒரே குத்தில் சுவரை உடைக்கிறவர் 'தேவையான அளவு' அடிப்பது எப்படி என்று சிலர் கேட்கக்கூடும். தற்காப்பைப் பொன் நிறுக்கும் தராசில் நிறுக்கக்கூடாது என்று நம் நீதிமன்றங்களே பலமுறை சொல்லியிருப்பதால் எனக்கு அதில் பெரிய கவலை இல்லை. கீழே விழுந்து மயங்கியவனை உதைக்கும் இரண்டாவது உதைதான், தராசே இல்லாமல், குற்றமாகிவிடும்.

இதையெல்லாம் கற்பனை என்று ஒதுக்க வேண்டாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், ஃபீனிக்ஸ் ஜோன்ஸ் என்ற புனைபெயரில், குண்டு துளைக்காத உடையும் முகமூடியும் அணிந்து இரவுகளில் ரோந்து சுற்றிய ஒருவர் உண்மையாகவே இருந்தார். 2011 அக்டோபரில் ஒரு நள்ளிரவுக்குப் பிறகு, கேளிக்கை விடுதியிலிருந்து வந்த ஒரு கூட்டத்தின்மீது அவர் மிளகுத் திரவத்தைப் பீய்ச்சினார். சண்டையை விலக்கினேன் என்றார் அவர். நாங்கள் ஆடிப் பாடிக்கொண்டு போனோம், சண்டையே இல்லை என்றார்கள் அவர்கள். காவல்துறை கைது செய்தது அவரைத்தான். சில நாள் கழித்து முகமூடியோடு நீதிமன்றத்துக்கு வந்தவரிடம் அதைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். வெளியே வந்து தம் உண்மைப் பெயரையும் தாமே சொல்லிவிட்டார். பிறகு நகர வழக்கறிஞர் அவர்மீது குற்றச்சாட்டுப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டார் என்பது வேறு செய்தி. பெயர் சொல்லாமல் மட்டும் அந்தப் படியை அவரால் தாண்ட முடியவில்லை. அவரிடம் எந்த அதிசய சக்தியும் இல்லை. இருந்திருந்தாலும் அந்தக் காலை வேறுவிதமாகப் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் நாட்டில் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கசப்பான வரலாறும் உண்டு. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கைது செய்யும் காவலர் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் பட்டையை அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பில் குடும்பத்தினரோ அப்பகுதிப் பெரியவரோ ஒருவராவது சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவிட்டது. காவலில் நடந்த சாவுகளைப் பார்த்துவிட்டுத்தான் அந்த உத்தரவு பிறந்தது. சீருடையும் சம்பளமும் பயிற்சியும் மேலதிகாரியும் உள்ள காவலருக்கே நெஞ்சில் பெயர் வேண்டும் என்று போராடி வாங்கிய நாம், இவை ஒன்றுமே இல்லாத ஒருவருக்கு முகமே வேண்டாம் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

அரசே உரிமம் கொடுத்துவிட்டால் ஆயிற்று என்று ஒரு நண்பர் சொன்னார். சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர்கள் என்ற பெயரில் ஆயுதம் கொடுத்து மாவோயிஸ்டுகளுக்கு எதிராக நிறுத்தியதை, நந்தினி சுந்தர் வழக்கில் 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளியது. தமிழ்நாட்டில் 1993-இல் இராமநாதபுரத்தில் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்புக்கு, சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்ததை அடுத்து 2020 ஜூலையில் அரசு தடை போட்டது. காவலரின் வேலையைக் காவலர் அல்லாதவரிடம் கொடுத்துப் பார்த்த அனுபவம் நமக்கு இல்லாமல் இல்லை. ஊர்க்காவல் படையில் சேரலாம். ஆனால் அங்கே சீருடை கொடுப்பார்கள், முகமூடி கொடுக்க மாட்டார்கள்.

சாட்சியச் சட்டத்தில் நான் எதிர்பாராத ஒன்றிரண்டு வேடிக்கைகள் இருக்கின்றன. அமெரிக்காவில், காவல்துறை சட்டத்துக்குப் புறம்பாகச் சோதனையிட்டு எடுத்த பொருளை நீதிமன்றம் ஒதுக்கிவிடும். ஆனால் தனிமனிதர் ஒருவர் தாமாகவே பூட்டை உடைத்து எடுத்துக் கொடுத்ததை ஒதுக்க வேண்டியதில்லை என்று 1921-இலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆக, வில்லனின் மாளிகைக்குள் சுவரேறிக் குதிக்கும் வீரர் அங்கே காவலரைவிட வசதியான நிலையில் இருக்கிறார். ஆனால் காவல் ஆணையரே வானத்தில் விளக்கடித்து அவரைக் கூப்பிட்டு அனுப்பினால் அந்த வசதி போய்விடும். ஏவப்பட்டவர் அரசின் கைக்கருவி ஆகிவிடுவார். நம் நாட்டில், எடுத்த முறை தவறு என்பதற்காக மட்டும் ஆவணத்தை ஒதுக்குவதில்லை என்பது 1970-களில் பூரண் மல் வழக்கிலிருந்தே நிலைத்த விதி என்பதால், விளக்கு அடித்தாலும் அடிக்காவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் இங்கேயும் அந்த ஆவணத்தை எங்கே, எப்போது, எந்த மேசையிலிருந்து எடுத்தேன் என்று கூண்டில் ஏறிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மறுபடியும் பெயரில் வந்து முட்டுகிறோம்.

மனத்தைப் படிக்கும் வீரருக்கு இங்கே வேலையே இல்லை. உண்மை கண்டறியும் ஊசி, பொய் கண்டறியும் கருவி, மூளை வரைபடச் சோதனை ஆகியவற்றைச் சம்மதமின்றி நடத்துவது தனக்கெதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவதாகும் என்று 2010 மே மாதம் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. கட்டினால் உண்மையை மட்டுமே பேசவைக்கும் மந்திரக் கயிறும் அந்த ஊசியும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான்.

இனி, சண்டை முடிந்த பிறகு தெருவில் கிடக்கும் பொருள்களுக்கு வருவோம். படத்தில் இந்த இடத்தில் பாட்டு வந்துவிடும். நிஜத்தில் இங்கேதான் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வருவார். பெரிய தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடு சிறிய தீங்கைச் செய்தால் குற்றமில்லை என்ற விதி பழைய தண்டனைச் சட்டத்தின் 81ஆம் பிரிவாக இருந்து இப்போது நியாய சன்ஹிதாவின் 19ஆம் பிரிவாக இருக்கிறது. அதற்குச் சட்டமே தரும் உதாரணங்கள் இரண்டும் சூப்பர் ஹீரோவுக்கென்றே எழுதினாற்போல் இருக்கும். இருபது முப்பது பேர் உள்ள படகின்மேல் மோதாமல் இருக்க, இரண்டே பேர் உள்ள படகு வரும் திசையில் கப்பலைத் திருப்பும் மாலுமி ஒருவர். ஊரெல்லாம் தீ பரவாமல் இருக்க நடுவிலுள்ள வீடுகளை இடித்துத் தள்ளுகிறவர் மற்றொருவர். எனவே சிறைக்குப் போவதிலிருந்து நம் வீரர் தப்பிவிடலாம். ஆனால் இடிந்த வீட்டுக்காரரின் இழப்பு அதனால் மறைந்துவிடாது. தலைக்கு மேல் தூக்கி எறியப்பட்ட பேருந்து நடைபாதையில் நின்றவர்மேல் விழுந்தால், அது 'வாகனத்தின் பயன்பாட்டால் நேர்ந்த விபத்து' ஆகுமா? கவிழ்ந்து சில மணி நேரம் கழித்து வெடித்த பெட்ரோல் லாரியால் நேர்ந்த சாவுக்கு 1991-இல் உச்ச நீதிமன்றம் ஆகும் என்றது. ஓட்டுநரே இல்லாமல் நின்றிருந்த பேருந்தை ஒருவர் பந்துபோல் எறிந்ததற்கும் அதே விதியா என்று வாதிடக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு நாலு வாய்தா போதாது.

அந்த வழக்கில் வீரரையும் ஒரு தரப்பாகச் சேர்க்கத்தானே வேண்டும்? சேர்ப்பது எளிது, சம்மனை அவர் கையில் கொடுப்பதுதான், அதாவது சார்பு செய்வதுதான், கடினம். ஆளைக் காணவில்லை என்றால் அவர் குடியிருக்கும் வீட்டுக் கதவில் சம்மனை ஒட்டலாம் என்று சட்டம் இருக்கிறது. அதற்கு ஒரு கதவு வேண்டும். மேகத்துக்குமேல் இருக்கும் கோட்டைக்கு சம்மன் கொண்டுபோகும் எங்கள் அமீனா எந்தப் பேருந்தில் போவார்? அடையாளம் தெரியாத வாகனம் மோதிவிட்டுப் போனால் உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயம் பட்டவருக்கு 50 ஆயிரம் ரூபாய் என்று 2022 ஏப்ரல் முதல் ஒரு திட்டம் நடைமுறையில் இருக்கிறது. அடையாளம் தெரியாத வீரர் இடித்துவிட்டுப் போனதற்கு அப்படியொரு நிதி எங்கும் கிடையாது.

பறப்பதற்கு அனுமதி வேண்டுமா, வேற்றுக் கிரகத்தவருக்கு உரிமை உண்டா என்பன போன்றவை கேட்கச் சுவையானவை, விடை சிறியவை. விமானச் சட்டம் 1934-இல் இருந்தபடியும், அதற்குப் பதிலாக 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்படியும், வானூர்தி என்பது ஓர் இயந்திரம். வெறும் உடம்போடு பறக்கிறவர் இயந்திரம் அல்ல. மனிதரல்லாதவருக்கு வழக்காடும் தகுதி உண்டா என்றால், பாழடைந்து கிடந்த பத்தூர்க் கோயிலே லண்டன் நீதிமன்றத்தில் ஒரு தரப்பாக நின்று 1991-இல் தன் நடராசரை மீட்டுக்கொண்ட ஊர்க்காரர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கலாமா? அமெரிக்காவில் 2003-இல் வணிக நீதிமன்றம் ஒன்று, எக்ஸ்-மென் பாத்திரங்களின் பொம்மைகள் மனித உருவங்கள் அல்ல என்று தீர்ப்பளித்ததும் இங்கே நினைவுக்கு வருகிறது. வழக்கைத் தொடுத்தது பொம்மை நிறுவனமே. அவற்றை இறக்குமதி செய்தபோது மனித உருவப் பொம்மைக்குச் சுங்க வரி 12 விழுக்காடு, மற்ற விளையாட்டுப் பொருளுக்கு 6.8 விழுக்காடுதான். வீரர்கள் மனிதரா என்பதை அங்கே வரிதான் தீர்மானித்தது.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதத்தை நான் மதிக்கிறேன். பெயர் தெரிந்தால் வில்லன்கள் வீரரின் தாயையும் மனைவியையும் தேடிப் போவார்கள் என்பது அது. பிறழ் சாட்சிகளின் முகங்களை ஆண்டுக்கணக்கில் பார்த்தவன் நான். கூண்டில் ஏறியவுடன் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று தரையைப் பார்த்துச் சொல்லும் மனிதரை எவரும் கோழை என்று எளிதில் சொல்லிவிட முடியாது. அதற்காகத்தான் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அடையாளத்தை மறைப்பது, மூடிய அறையில் விசாரிப்பது, வீட்டுக்குக் காவல் போடுவது, வேறிடத்துக்கு மாற்றுவது வரை அதில் உண்டு. ஆனால் அங்கே மறைவு நீதிமன்றம் கொடுப்பது. யாரை மறைக்கிறோம் என்பது நீதிபதிக்குத் தெரியும். தமக்குத் தாமே முகமூடி மாட்டிக்கொண்டவரை அவர் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது, சில கதைகளில் மனைவிக்கும் தெரியாது.

இவ்வளவு சொன்ன பிறகு, பெயர் கேட்காத சட்டமும் நம்மிடம் ஒன்று இருக்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறவரிடம், அவர் விரும்பாவிட்டால், பெயரையும் முகவரியையும் கேட்டு நெருக்கக்கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாக அந்தப் பாதுகாப்பு ஏறியது. நல்லெண்ணத்தோடு அவசர உதவி செய்யும்போது தவறி ஏதேனும் நேர்ந்தாலும் அவர்மீது வழக்கில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது படகுகளோடு வந்து இறங்கிய மீனவர்களின் பெயர்ப் பட்டியலை எந்த அலுவலகமும் கேட்டு நிற்கவில்லை. அடிப்பதற்கு வருகிறவரிடம் கேட்கும் பெயரை, தூக்கிக் காப்பாற்ற வருகிறவரிடம் சட்டம் கேட்பதில்லை. நம் வீரர் அந்த வாசல் வழியாக வரட்டும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காக, வெள்ளிக்கிழமை மாலை தொடங்கிச் செவ்வாய்க்கிழமை விடியும் முன்வரை தமிழ்நாடே தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தது. என் வீட்டிலும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதிசய சக்தி என்று ஒன்று இருந்திருந்தால் அது வேண்டியிருந்த இடம் அதுதான், பேருந்து நிறுத்தம் அல்ல.

பேருந்து நிறுத்தத்துக்குத் தேவைப்படுவது வேறு. சென்ற வாரம் எழுதிய வாசகருக்கும், அவரைப்போல அலுத்துப்போயிருக்கும் மற்றவர்களுக்கும் என் வேண்டுகோள் இவ்வளவே. சங்கிலியைப் பறித்தவனை நீங்கள் பிடித்துவிட்டால் அடிக்காதீர்கள், 100 அல்லது 112-க்கு அழையுங்கள், காவலர் வரும்வரை அங்கேயே நில்லுங்கள், உங்கள் பெயரையும் தகப்பனார் பெயரையும் வாக்குமூலத்தில் எழுதச் சொல்லுங்கள். சம்மன் வந்தால் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள். சாட்சிக்குப் படி உண்டு. என் காலத்தில் அது போகவரப் பேருந்துக் கட்டணத்துக்குச் சரியாக இருந்தது, மதியச் சாப்பாட்டைத்தான் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரவேண்டியிருந்தது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவர்,
மதுரை.